‘என்பாரும் உளர்’: குழந்தைப் பாதுகாப்புக் கோப்பில் மாற்றுக் கருத்தின் இடம் – பாகூரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பாதுகாப்புப் பணியில் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், மருத்துவர், காவலர், பாதுகாப்பு அலுவலர், குழந்தைகள் நலக் குழுவினர் எனப் பல துறையினர் ஒரே குழந்தையைக் குறித்து வெவ்வேறு முடிவுக்கு வருகின்றனர். இவ்வேறுபாட்டை இந்தியச் சட்டம் வாக்கெடுப்பாகவும் மேல்முறையீடாகவும் புகாராகவும் மட்டுமே அறிந்துள்ளது. ஏற்கப்படாத கருத்து கோப்பில் தங்குவதற்கு வழி செய்யவில்லை. இக்குறையைப் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மாற்றுக் கருத்தைப் பேணிய தமிழ் உரைமரபு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாகூர், குழந்தைகள் நலக் குழு, இளைஞர் நீதிச் சட்டம், போக்சோ, கருத்து வேறுபாடு, உரைமரபு

முன்னுரை

தமிழ் உரைநூல்களில் ‘என்பாரும் உளர்’ என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படும். தாம் ஏற்காத பொருளைக் கூறுவோரும் இருக்கின்றனர் என்பதைப் பதிவு செய்துவிட்டு, அதனை மறுத்தோ மறுக்காமலோ உரைகாரர் மேற்செல்வார். பரிமேலழகர் தாம் கொள்ளாத பாடங்களையும் பொருள்களையும் சுட்டிச் செல்கிறார். சேனாவரையர், ‘உரையாசிரியர்’ என்றே வழங்கப்பெற்ற இளம்பூரணரின் கருத்துகளை எடுத்துக்காட்டி மறுக்கிறார். நன்னூலின் எழுவகை மதங்களுள், இருவர் மாறுபட்டு நிற்குமிடத்து ஒருவர் பக்கம் துணிவதும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. தோற்ற கருத்தும் நூலுக்குள்ளேயே தங்கிவிடுவதால், உரைகாரர் துணிந்தது சரிதானா என்று பின்வருவோர் மீண்டும் எடைபோட முடிகிறது. மறுக்கப்பட்ட உரைகள் சில, மறுத்தவரின் ஏட்டால்தான் நமக்கு எட்டியுள்ளன.

ஒரு குழந்தையைக் குறித்து அரசு அலுவலகங்களில் உருவாகும் கோப்பில் இத்தகைய இடம் உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. இலக்கணச் சூத்திரத்திற்குத் தவறான பொருள் கொண்டால் அடுத்த உரைகாரர் திருத்திக்கொள்ளலாம். குழந்தையை அனுப்பக்கூடாத வீட்டிற்கு அனுப்பிவிட்டால், அல்லது பிரிக்கக்கூடாத தாயிடமிருந்து பிரித்துவிட்டால், அத்திருத்தத்திற்குக் காலம் வாய்ப்பதில்லை.

பாகூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேட்டின்வழி, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மூன்று ஊர்களைக் கொடையாகப் பெற்ற வித்யாஸ்தானம் இருந்த ஊர் என்று ஆய்வுலகம் அதனை அறியும். இன்று அது புதுச்சேரி மாவட்டத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தோடு ஒட்டிக்கிடக்கும் கொம்யூன். ஒரு குழந்தையைப் பற்றி இரு அரசுகளின் அலுவலர்கள் மாறுபடக்கூடிய நிலம் அது.

சட்டம் அறிந்த வேறுபாடு

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 கருத்து வேறுபாட்டை நேரடியாகப் பேசும் இடம் பிரிவு 28(4). குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர்களிடையே வேறுபாடு எழுந்தால் பெரும்பான்மையோர் கருத்து நிற்கும். பெரும்பான்மை அமையாவிடில் தலைவரின் கருத்து நிற்கும். இறுதி முடிவின்போது மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பது அதனை அடுத்து வருவது. எது வெல்லும் என்பதை இவ்விதி தெளிவாகச் சொல்கிறது. தோற்றவரின் காரணம் எங்கே எழுதப்படும் என்பதை அது பேசவில்லை.

இவ்வாக்கு தலைவரும் நான்கு உறுப்பினரும் ஆகிய ஐவருக்கே உரியது. குழந்தையை நாள்தோறும் காண்பவர் அவர்களுள் எவருமில்லை. குழந்தை மதிய உணவை ஒளித்து வீட்டிற்கு எடுத்துச்செல்வதைக் கண்ட ஆசிரியர், தாயின் கையில் தழும்பைக் கண்ட அங்கன்வாடிப் பணியாளர், வீட்டுக்குள் சென்று வந்த கிராமச் செவிலியர் ஆகியோர் குழுவுக்கு வெளியே நிற்பவர்கள். அவர்களுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் இடையிலோ, மருத்துவருக்கும் காவலருக்கும் இடையிலோ எழும் வேறுபாடு வாக்கெடுப்புக்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

அவர்களுக்கெனச் சட்டத்தில் எஞ்சியிருக்கும் வழிகள் இரண்டு. பிரிவு 101-இன்படி, குழுவின் ஆணையால் பாதிக்கப்பட்டவர் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தம் கருத்து ஏற்கப்படாத ஓர் ஆசிரியரைப் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று எந்த அளவில் கொள்வது? பிரிவு 27(10), குழந்தையோடு தொடர்புடைய எவரும் குழுவின் செயல்பாடு குறித்து மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம் என்கிறது. அவ்வழியே செல்லும்போது ‘கருத்து’ என்பது ‘புகார்’ என உருமாறிவிடுகிறது. அலுவலகத் தமிழில் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. கருத்துக்கு மறுகருத்து கிடைக்கும். புகாருக்குக் கிடைப்பது விளக்கம் கோரும் கடிதமும் அதைத் தொடரும் மனக்கசப்பும். மேலதிகாரியோடு நாளையும் பணியாற்ற வேண்டிய ஒருவர் இந்த இரண்டாம் சொல்லைத் தேர்வது அரிது.

ஆற்றுக்கு அப்பால் உள்ள குழு

பாகூர் மக்களுக்குப் புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூர் அண்மையானது, இடையில் தென்பெண்ணையாறு. முள்ளோடையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், கூலிக்குப் போவதும், மருத்துவம் பார்ப்பதும் இவ்வெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. அலுவலகங்களோ அதனை முழுமையாகப் பொருட்படுத்துகின்றன.

இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 95 இங்கு முக்கியமாகிறது. விசாரணையில் இருக்கும் குழந்தை வேறு ஆட்சி எல்லையைச் சேர்ந்தது எனத் தெரியவந்தால், அதன் நலனுக்கு உகந்தது என்று நிறைவுற்றபின், சொந்த மாவட்டத்துக் குழுவோடு கலந்தாலோசித்து அக்குழந்தையை அங்கு மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலம் கடந்த மாற்றத்திற்கெனத் தனி வரம்புரையும் உண்டு. நெடுந்தொலைவு தொடர்வண்டியில் வந்துசேர்ந்த குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது எனத் தோன்றுகிறது. பாகூரில் மீட்கப்படும் குழந்தையின் வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாலும் அதுவும் மாநிலம் கடந்த மாற்றமே.

‘கலந்தாலோசித்து’ என்ற ஒரு சொல்லின்மேல்தான் இவ்விதி முழுவதும் நிற்கிறது. புதுச்சேரிக் குழு வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது. கடலூர்க் குழு அவ்வீடு பாதுகாப்பற்றது என்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்து நிகழ வேண்டியது பற்றிப் பிரிவு 95-இல் ஒரு சொல்லும் இல்லை. இரு குழுக்களுக்கும் பொதுவான தலைவர் இல்லை. ஆதலால் 28(4)-இன் பெரும்பான்மை விதியும் இங்கு உதவாது. பொதுவாக இருப்பது சென்னை உயர்நீதிமன்றம் ஒன்றே. பாகூர் ஏரிக்கு நீர் தரும் பங்காரு வாய்க்கால் சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையாற்றிலிருந்து பிரிந்து வருவது. அந்நீருக்குப் பிரெஞ்சு, ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உடன்படிக்கை வேண்டியிருந்தது என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் இல்லை.

நால்வகைச் சட்டம், ஒரு வாத்துப் பண்ணை

2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வில்லியனூர் பகுதி வாத்துப் பண்ணை ஒன்றில் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த இருளர் சிறுமியர் மீட்கப்பட்டனர். அவர்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானது தெரியவந்து வழக்குப் பதிவாயிற்று. அவ்வழக்கின் உள்விவரங்களுக்குள் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய நிகழ்வொன்றில் எத்தனை அலுவலர்களின் பார்வை ஒரே குழந்தைமீது குவிகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 வருவாய்த்துறையிடம் பொறுப்பைத் தருகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1986 தொழிலாளர் துறையை அழைக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (போக்சோ) காவல்துறையை முன்னிறுத்துகிறது. இருளர் புதுச்சேரியில் 2016-இன் இறுதியில்தான் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டனர். அதன்பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களுக்கு உரியதாயிற்று. இவை அனைத்துக்கும் நடுவே, குழந்தை எங்கே தங்கும் என்பதை முடிவு செய்யக் குழந்தைகள் நலக் குழு.

ஒவ்வொரு துறையினரும் தத்தம் சட்டத்தின் கண்ணால் காண்பது குற்றமன்று. வருவாய் அலுவலருக்கு அது விடுவிக்கப்பட வேண்டிய குடும்பம், காவலருக்குச் சாட்சி, குழுவுக்குப் பராமரிப்பு தேவைப்படும் குழந்தை. குடும்பமே கடனில் கட்டுண்டு கிடக்கும்போது, குழந்தையைக் குடும்பத்திடம் சேர்ப்பது விடுதலையா, மீண்டும் அதே பண்ணைக்கு அனுப்புவதா? இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 3 அடிப்படைக் கோட்பாடுகளை அடுக்கும்போது, பராமரிப்பின் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே என்பதை ஐந்தாவதாகவும் பாதுகாப்பை ஆறாவதாகவும் வைக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எது முந்தும் என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. அம்முடிவைக் களத்தில் இருப்போர் தம்முள் வாதிட்டே எட்ட வேண்டும். அவ்வாதத்தின் சுவடு கோப்பில் இருக்க வேண்டும் என்பதைத்தான் சட்டம் கேட்டிருக்கலாம்.

மருத்துவரின் இரு தீர்ப்புகள்

போக்சோ சட்டத்தின் பிரிவு 19(1), குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் தெரிவிக்க வேண்டும் என்கிறது; தவறினால் பிரிவு 21 தண்டனை விதிக்கிறது. 2022-இல் உச்சநீதிமன்றம் ஐந்து வார இடைவெளியில் மருத்துவர்கள் தொடர்பாக இரு தீர்ப்புகளை வழங்கிற்று. செப்டம்பர் 29-ஆம் நாள் தீர்ப்பு, கருக்கலைப்புக்கு வரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் வேண்டினால், மருத்துவர் அனுப்பும் தகவலில் அவளது அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்றது. நவம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பு, மகாராட்டிர விடுதி ஒன்றின் சிறுமியர் தொடர்பான வழக்கில், தகவல் தெரிவிக்காத மருத்துவர்மீதான வழக்கை நீக்கிய உயர்நீதிமன்ற ஆணையைத் தள்ளி வழக்கை மீட்டது. இரண்டும் வெவ்வேறு சூழல் குறித்தவை. சட்ட நோக்கில் முரணற்றவை எனலாம். ஆயினும் ஊரக ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனித்திருக்கும் இளம் மருத்துவருக்கு ஒன்று பொறுமையையும் மற்றது அச்சத்தையும் கற்பிக்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு நிலையைக் கற்பித்துக்கொள்ளலாம். கடலூர்ப் பக்கத்துப் பெண், வயது பதினேழு. பாகூர் கொம்யூனில் உள்ள உறவினருக்கு மணம் செய்விக்கப்பட்டு ஐந்தாம் மாதக் கர்ப்பிணியாகச் சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். மருத்துவர் தகவல் தெரிவித்தாக வேண்டும் என்கிறார். கிராமச் செவிலியரோ, காவலர் அவ்வீட்டுக்குச் சென்றால் மறுநாளே அவளை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடுவர், பின்னர் எவரும் அவளுக்குப் பரிசோதனை செய்ய முடியாது என்கிறார். தகவல் போகிறது. காவலர் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தெரிவிக்கிறார். குழந்தையைக் குடும்பத்திடமிருந்து எடுக்க வேண்டுமா என்பதை 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி மூன்று நாள்களுக்குள் குழு முடிவு செய்ய வேண்டும். மணம் முடித்துவைத்த பெற்றோரிடமே அவளை ஒப்படைப்பது எங்ஙனம் என்று பாதுகாப்பு அலுவலர் வினவுகிறார்.

இங்குத் தவறாகப் பேசியவர் எவருமில்லை. ஆனால் மூன்றாம் நாள் குழுவின் மேசைக்கு வரும் தாள்களில் மருத்துவரின் தகவலும் காவலரின் முதல் தகவல் அறிக்கையும் இருக்கும். செவிலியர் சொன்னது இராது. அவர் கூறியவாறே அப்பெண் காணாமற்போனால், முன்னரே ஒருவர் எச்சரித்தார் என்பதற்குச் சான்றும் இராது.

மேற்கு வங்க வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தண்டனைத் தீர்ப்பை மீட்டபோது, பாதிக்கப்பட்ட பெண் தகவலறிந்து தேர்வு செய்ய உதவும்பொருட்டு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. 2025 மே மாதம், குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவருக்குத் தண்டனை விதிப்பதில்லை என முடிவு செய்தது. உளவியலாளர், சமூக அறிவியலாளர், குழந்தை நல அலுவலர் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்துவதற்கு நாட்டின் உச்சநீதிமன்றம் தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

வாளையாறும் லண்டனும்

மாறுபட்ட கருத்து எழுதப்பட்டும் பயனற்றுப்போகலாம் என்பதற்குக் கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய வாளையாறு சான்று. 2017 ஜனவரியில் அங்கு ஒரு சிறுமி வீட்டில் இறந்துகிடந்தாள். பிரேதப் பரிசோதனை அறிக்கை பாலியல் வன்கொடுமைக்கான அறிகுறிகளைச் சுட்டியிருந்தும் காவல்துறை அதனைப் பின்தொடரவில்லை. இரண்டு மாதத்துக்குள், மார்ச்சில், ஒன்பது வயதான அவள் தங்கையும் அதே வீட்டில் இறந்தாள். 2019-இல் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். 2021-இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. மருத்துவர் எழுதினார். எழுதியதற்கு விடை சொல்லும் கடமை காவலருக்கு இல்லாதிருந்தது. உரைமரபின் மொழியில் சொல்வதானால், மறுப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. மறுக்கப்படும் கருத்தை எடுத்துக் கூறாமல் உரைகாரர் மறுப்பதில்லை.

லண்டனில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறந்த எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே குறித்து லேமிங் பிரபு நடத்திய விசாரணை இவ்விடத்தையே தொட்டது. முந்தைய ஆண்டு ஜூலையில் அவளை மருத்துவமனையில் கண்ட மருத்துவர் ஒருவர், எவரோ காயப்படுத்தியுள்ளனர் என ஐயுற்றார். மூத்த மருத்துவர் அதனைச் சொறிநோய் என்றார். இளையவரின் ஐயம் அத்துடன் அடங்கிற்று. 2003-இல் வெளிவந்த அறிக்கையின் 108 பரிந்துரைகளுள் ஒன்று, குழந்தைக்கு வேண்டுமென்றே தீங்கு செய்யப்பட்டிருக்கலாம் என்பதில் மருத்துவர் மாறுபட்டால், மாறுபட்டவர்களிடையே உரையாடல் நிகழ்ந்து அது பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அதற்குப் பின்னும், அதே ஹாரிங்கே பகுதியில் 2007-இல் அலுவலர் பலர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை இறந்தது. பதிவு செய்தல் தன்னளவில் குழந்தையைக் காப்பாற்றிவிடும் என்று கருதுவதற்கில்லை.

படிவமும் பணிநிலையும்

2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின் 22-ஆம் படிவம் சமூக விசாரணை அறிக்கைக்குரியது. பிரிவு 36 அவ்விசாரணைக்குப் பதினைந்து நாள் தருகிறது. குடும்பம், கல்வி, உடல்நிலை, அண்டை அயல் என நீளமாக வினவிச்சென்று பரிந்துரையில் முடியும் படிவம் அது. பரிந்துரை ஒருமையில் இருக்கிறது. அதனோடு உடன்படாதவர் யார், ஏன் என்று வினவும் கட்டம் இல்லை. ஆகவே குழுவின் ஐவரும் காண்பது ஏற்கெனவே சமன்செய்யப்பட்ட ஒரு கருத்தை. அவர்கள் ஒருமனதாக முடிவெடுப்பதில் வியப்பில்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. கோப்பில் மாற்றுக் கருத்து இருந்தால், போக்சோ வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதனைப் பற்றிக்கொண்டு குழந்தையின் சாட்சியத்தை உலுக்குவார் என்பது அது. களத்தில் இருப்போரின் இவ்வச்சத்தை எளிதாகத் தள்ள முடியாது. ஆயினும் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 99, குழு கருத்தில்கொள்ளும் அறிக்கைகளை மந்தணமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. மேலும், குற்றம் நிகழ்ந்ததா என்னும் வினாவும் குழந்தை எங்கே வாழ்வது என்னும் வினாவும் வேறு. இங்கு வேண்டப்படுவது இரண்டாவதைக் குறித்த மாற்றுக் கருத்தே.

படிவத்தைத் திருத்துவதினும் கடினமானது பணிநிலை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பணிபுரிவோர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியம். 1098 அழைப்புகளை முன்பு தன்னார்வ நிறுவனங்கள் ஏற்று நடத்தின. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் 2023 முதல் அச்சேவை அரசின் பொறுப்பிற்கு மாறியது. இம்மாற்றத்தால் ஒருங்கிணைப்பு கூடியிருக்கலாம். ஆனால் அரசு அலுவலரிடம் ‘நீங்கள் சொல்வது சரியன்று’ என்று வெளியே நின்று சொல்லக்கூடிய ஒருவர் அறையிலிருந்து வெளியேறிவிட்டார். ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஒருவரிடம் மாற்றுக் கருத்தை எழுதுமாறு கேட்பதற்கு முன், எழுதியதன் பொருட்டு அவர் பணி இழக்கமாட்டார் என்ற உறுதி ஆணையாக வர வேண்டும். அவ்வாறில்லாமல் படிவத்தில் சேர்க்கப்படும் புதிய கட்டத்தில் ‘இல்லை’ என்ற சொல்லே நிரம்பிக்கிடக்கும்.

குழந்தையின் மறுப்பு

இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 3-இல் மூன்றாவது கோட்பாடு, தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் குழந்தை கேட்கப்பட வேண்டும் என்பது. குழந்தையின் விருப்பத்தை வயதுக்கேற்பக் கருதுமாறு போக்சோ விதிகளும் கூறுகின்றன. அலுவலர் அனைவரும் ஒருமனதாய் இருக்கும் வேளையிலும் மாறுபடக்கூடிய ஒருவர் அறையில் இருக்கிறார் என்பதே இதன் பொருள். பாகூரில் பிடிபட்ட குழந்தை அக்கரையில் உள்ள பாட்டியிடம் போகிறேன் என்கிறது. இரு மாநிலக் குழுக்களும் இல்லத்தில் தங்கட்டும் என உடன்படுகின்றன என்று கொள்வோம். பிரிவு 95 இப்போது தடையின்றி இயங்கும். கோப்பு நிறைவாகத் தோன்றும். பாட்டியைப் பற்றிக் குழந்தை சொன்னதை எவரேனும் எழுதியிருந்தால், நான்கு மாதம் கழித்து இறுதி ஆணைக்காக அக்கோப்பைத் திறப்பவர் அந்தப் பாட்டியைத் தேடிச் செல்லக்கூடும்.